பக்கத்து இருக்கையில் ஆளில்லை

மேசா, அரிசோனா
நவம்பர் 9

அன்புள்ள இக்னாசியோ,

என் போனைப் போலீஸ் எடுத்துக்கொண்டது, அதனால் காகிதம். கோழிக் கிறுக்கல் என்று சிரிக்காதே.

செய்தியில் பார்த்திருப்பாய். தானாக ஓடும் நம் சோதனைக் கார் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டது. உள்ளே கண்காணிக்க இருந்தது நான் மட்டும். அவர் இறந்துபோனார். ஓட்டியது கார், வழக்கு என்மேல். உட்கார்ந்திருப்பவனே பொறுப்பு என்று நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டோமே, அதைத்தான் காட்டுகிறார்கள்.

காருக்குள் எடுத்த வீடியோவை அரசு வக்கீல் போட்டார். திரையில் குறிப்புத் தட்டக் குனிகிறேன். "வலது பக்கம் எப்படிடா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறேன். "யார்கிட்ட பேசுறீங்க?" என்றார் வக்கீல்.

உன்னிடம்தான். இரண்டு வருடம் நீ சாலையைப் பார்த்தாய், நான் தட்டினேன். செலவைக் குறைக்கக் கம்பெனி உன்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்ட பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

ஒரே ஆளால் இரண்டையும் பார்க்க முடியாது என்று மேலாளரிடம் சேர்ந்து சொன்னோம். அதைக் கோர்ட்டில் வந்து சொல். எனக்கு வேறு சாட்சி இல்லை. ஜனவரி 20 விசாரணை.

உன்
வெண்டெல்

சான்ட்லர்
டிசம்பர் 2

அன்புள்ள வெண்டெல்,

கடிதத்தை மார்சேலாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவன் ஒழுங்கா சாப்பிடுறானா கேளு" என்றாள். கிறிஸ்துமஸுக்கு உனக்கும் சேர்த்துச் சோள மாவில் தமாலே அவிப்பாளாம்.

என்னைப் பயிற்சிப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். அவளுடைய டயாலிசிஸ் முழுவதும் கம்பெனி காப்பீட்டில்தான் நடக்கிறது. வேலை போனால் அதுவும் போய்விடும். கட்டிய பெண்டாட்டியை எப்படி விடுவேன்? மேலாளரிடம் நீயும் நானும் வாயால்தானே சொன்னோம், எழுதித் தரவில்லையே என்கிறார் எங்கள் வக்கீல்.

வரப் பார்க்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

இக்னாசியோ

மேசா
ஜனவரி 23

அன்புள்ள இக்னாசியோ,

'எங்கள் வக்கீல்' என்று எழுதியிருந்தாய். கம்பெனிக்காக வந்திருந்த அவரைக் கோர்ட்டில் பார்த்தேன். நல்ல மனிதர், எனக்குக் கதவைத் திறந்து பிடித்தார்.

சாட்சி இல்லாததால் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். சிறை இல்லை. கம்பெனிக்கு ஒன்றுமே இல்லை. இனி நான் வண்டி ஓட்டக் கூடாது. கடைக்குப் போவதற்கே இரண்டு பஸ் மாறுகிறேன்.

தாழ்வாரத்தில் இறந்தவரின் மனைவி என்னிடம் வந்தார். "பிரேக் போட்டது யாரு? நீங்களா, காரா?" என்று கேட்டார். "யாருமே போடலைம்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

கோபமில்லை என்றால் பொய். மார்சேலாவை நினைத்தால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. அதுதான் பெரிய கஷ்டமாக இருக்கிறது. அவளை விசாரித்ததாகச் சொல்.

அன்று எனக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் உனக்காக என் ஜாக்கெட்டைப் போட்டு வைத்திருந்தேன். நீதிபதி வந்த பிறகும் எடுக்கவில்லை. நல்ல கூட்டம். ஒரு பெரியவர் குனிந்து, "இங்க யாராச்சும் வராங்களா?" என்று கேட்டார்.

"இல்லங்க, உக்காருங்க" என்றேன்.

வெண்டெல்