சந்திரனில் துருப் பிடிக்காது

மிலான்
12.01.1997

அன்பின் இவருக்கு,

நேசம் எழுதிக்கொள்வது. மாதாவின் துணையால் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறு தோறும் மெழுகுதிரி கொளுத்துகிறேன். போனில் கதைத்தால் கார்ட் முடிகிறது, சண்டை முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற றோஸியிடம் உங்கள் பிறந்தநாளுக்கு ஒரு சாமான் கொடுத்துவிட்டிருக்கிறேன். துண்டு துண்டாகப் பூட்டுகிற விளையாட்டு வண்டி, சந்திரனில் மண் தோண்டுகிறதாம். எட்டுச் சில்லு, முதுகில் நீட்டு நீட்டாகக் குழாய்கள். பெட்டியில் வடிவான படம் ஒன்று இருந்தது. றோஸிதான், "அக்கா, பெட்டியோட கொண்டுபோனா என்ர சூட்கேஸ் மூடாது" என்று பெட்டியை எறிந்துவிட்டு, துண்டுகளையும் பூட்டும் விதம் கீறிய தாளையும் மட்டும் ஒரு பையில் போட்டாள். படம் இல்லாமலே உங்களுக்குப் பூட்டத் தெரியும். நான் புதிதாக வாங்கி அனுப்புவதும் நீங்கள் அதற்கு ஊத்தை பூசிப் பழசாக்குவதும்தானே வழக்கம்.

இந்த வீட்டில் நான் பராமரிக்கிற வயதான சிஞ்ஞோரா இந்தக் குளிரோடு முழுதாகப் படுக்கையில் விழுந்துவிட்டா. அவவின் மகன், உங்களை இங்கே கூப்பிடும் பேப்பர்களில் திரும்பவும் கையெழுத்து வைத்திருக்கிறார். இத்தோடு மூன்றாவது தடவை. பாஸ்போர்ட் எடுக்கப் போனீர்களா? இங்கே பின்னேரமே இருட்டிவிடுகிறது. தனிய இருக்க ஏலாமல் இருக்கிறது.

உங்கள்
நேசம்


கொட்டாஞ்சேனை
02.03.1997

அன்பின் நேசத்துக்கு,

உம்முடைய கடிதமும் வண்டியும் பத்திரமாக வந்து சேர்ந்தன. இருமல் போய்விட்டது. அதற்குப் பதிலாக முதுகு உளைகிறது. திருத்த வேலைக்காக டொக்கில் ஒரு கிரேக்கக் கப்பலை ஏற்றியிருக்கிறார்கள். அடிப்பக்கம் முழுவதும் துரு. நாள் முழுக்கச் சுத்தியலால் தட்டித் தட்டி உதிர்க்கிறோம். காதுக்குள் இரைச்சலோடுதான் வீட்டுக்கு வருகிறேன். வந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு வண்டியை எடுப்பேன்.

துண்டுகள் பூட்டியாயிற்று. இப்போது நிறம். முதலில் முழு வண்டிக்கும் துரு நிறத்தைப் பூசினேன். காய்ந்ததும் தண்ணீரால் ஈரமாக்கி, மூலைகளிலும் விளிம்புகளிலும் உப்புக்கல்லைத் தூவி ஒட்டவைத்தேன். அதற்கு மேலே மஞ்சள் நிறம் அடித்தேன். அது காய்ந்த பிறகு விரலால் உப்பைத் தேய்த்துவிட்டால், உப்பு இருந்த இடத்தில் மட்டும் மஞ்சள் உரிந்து துரு தெரியும். கீழ் வீட்டு ஹாட்வெயார் கடை ஹாஷிம் நானா இதைப் பார்த்துவிட்டு, "பகலைக்கி சொரண்டுறத அந்திக்கி ஒட்டுறீங்களோ கிளெமென்ற்?" என்று சிரிக்கிறார். இனிச் சில்லுகளுக்குச் சோக்குத் தூளும் கரித்தூளும் கலந்து புழுதி பூச வேண்டும்.

பாஸ்போர்ட்டுக்குப் பொலிஸ் பதிவுக் கடிதம் கேட்கிறார்கள். கப்பல் இறங்கும் மட்டும் லீவு கிடையாது. ஈஸ்டர் முடியட்டும், பார்ப்போம்.

இப்படிக்கு,
கிளெமென்ற்


மிலான்
18.04.1997

அன்பின் இவருக்கு,

ஈஸ்டர் முடிந்துவிட்டது.

உப்பு, சோக்கு, கரி எல்லாம் விபரமாக எழுதியிருந்தீர்கள். பாஸ்போர்ட்டுக்கு மூன்று வரி. நான் கோபத்தில் எழுதவில்லை. கோபப்படவும் களைப்பாக இருக்கிறது. சிஞ்ஞோராவின் மகன், "புருசன் வருவாரா, வரமாட்டாரா?" என்று கேட்கிறார். "வருவார்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கூசுகிறது. கோடை முடியும் வரைதான் அவர் பொறுப்பார்.

வரமாட்டீர்கள் என்றால் அதையாவது எழுதுங்கள்.

நேசம்


கொட்டாஞ்சேனை
03.06.1997

அன்பின் நேசத்துக்கு,

முதலில் ஒன்று. நான் சுகம், வீட்டில்தான் இருக்கிறேன். இனி எழுதுவதைப் பதறாமல் வாசியும்.

போனதுக்கு முதல் ஞாயிறு பின்னேரம் பொலிஸ்காரர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்து, குண்டு இருக்கிறதா என்று வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். அடையாள அட்டை, பதிவுக் கடிதம் எல்லாம் சரியாக இருந்தது. போகத் திரும்பிய பொலிஸ்காரன் மேசையைக் கண்டான். தின்னர், பிளேட், வயர்த்துண்டுகள், விளங்காத எழுத்தில் ஒரு வரைபடம், நடுவில் புழுதி படிந்த எட்டுச் சில்லு வண்டி. அதன் முதுகில் குழாய்கள். "இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டான். விளையாட்டுச் சாமான் என்றேன். "ஐம்பது வயசு ஆளுக்கா? பெட்டி எங்க?" பெட்டியை இத்தாலியில் எறிந்தாயிற்று என்றேன். "இத்தாலியில ஆர்?" நான் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் இன்னொரு கேள்வி முளைத்தது. கடைசியில் வண்டியையும் என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

உள்ளே நிறையப் பேர். படுக்க இடமில்லை, சுவரோடு சாய்ந்துகொண்டு இருந்தோம். என்னை ஒருவரும் அடிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவனுக்கு அடி விழுந்தது. அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். மேசையில் வண்டி இருந்தது. குழாய்களை வாளால் அறுத்துப் பார்த்திருந்தார்கள்.

"சந்திரனுக்குப் போற வண்டியா?"

"ஓம் சேர்."

"அங்க காத்து இருக்கா?"

"இல்லை சேர்."

"தண்ணி?"

"இல்லை."

"அப்ப எப்பிடித் துருப் பிடிச்சது?"

நேசம், இத்தனை மாதம் பூசியிருக்கிறேன், அது என் மூளையில் படவேயில்லை. "அங்க துருப் பிடிக்காது சேர். நான்தான் பிழை விட்டுட்டன். கப்பலைப் பாத்துப் பழகின கை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வண்டியை எடுத்து நகத்தால் சுரண்டினார். "இது பெயின்ற்றா? எப்பிடிச் செய்தாய்?" என்று கேட்டார்.

உப்பிலிருந்து தொடங்கிச் சொன்னேன். அவர் கடைசி வரைக்கும் கேட்டார். நின்ற நிலையில், கால் கடுக்கக் கடுக்க, நான் பல வருடமாகக் கதைக்காத அளவு கதைத்தேன். வெளியே ஹாஷிம் நானா காலையிலிருந்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது, "மே மினிஹாட்ட பிஸ்ஸு, மாத்தயா" என்றாராம். இந்த ஆளுக்குப் பைத்தியம், வேறொன்றும் இல்லை என்று. அடுத்த நாள் காலை விட்டார்கள். வண்டியைத் தரவில்லை.

எழுத வெட்கமாக இருக்கிறது, என்றாலும் எழுதுகிறேன். இதை எப்படிச் செய்தாய் என்று என்னிடம் இதுவரைக்கும் கேட்ட ஒரே ஆள் அந்த இன்ஸ்பெக்டர்தான்.

கிளெமென்ற்


மிலான்
20.06.1997

அன்பின் இவருக்கு,

உங்கள் கடிதத்தைக் குசினிக்குள் நின்று வாசித்தேன். அடுப்பில் சூப் அடிப்பிடித்து மணந்த பிறகுதான் நினைவு வந்தது. அந்தப் பெட்டியை எறிய விட்டது நான். வாங்கி அனுப்பியது நான். இனி ஒரு சாமானும் அனுப்பமாட்டேன். அந்த வண்டியைத் திருப்பித் தந்தாலும் எறிந்துவிடுங்கள்.

கடைசி வரியையும் வாசித்தேன். முதலில் கோபம் வந்தது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தேடித் தேடி வாங்கியவள் நான், ஆனால் உங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது ஒரு பொலிஸ்காரனுடைய கேள்வி. பிறகு யோசித்துப் பார்த்தேன். உண்மைதான், நான் கேட்டதில்லை. வாங்கி அனுப்பினால் போதும் என்று இருந்துவிட்டேன்.

ஆனால், நீங்களும் கேட்டதில்லை. நான் இங்கே என்ன செய்கிறேன் என்று நீங்கள் ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன்.

சிஞ்ஞோராவைக் கட்டிலிலிருந்து கதிரைக்கும், கதிரையிலிருந்து குளியலறைக்கும், திரும்பக் கட்டிலுக்கும் நான் தூக்குகிறேன். கக்கத்துக்குள் கை கொடுத்து, என் முழங்காலால் அவவின் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்துத் தூக்க வேண்டும். பாரமான மனிசி. விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் என் கழுத்தைப் பிடித்துத் தொங்குவா. என் வலது தோளுக்குள் தசை கிழிந்துவிட்டது என்று டொக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. இடது கையால் சீப்புப் பிடித்துத் தலை இழுக்கப் பழகிவிட்டேன். சட்டைக் கையைப் போடும்போது கதவைப் பூட்டிக்கொள்கிறேன், மகன் கண்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று. இப்போது அவர் சந்தேகப்படுகிறார். புருசனும் வந்தால் இரண்டு பேரையும் வைத்துக்கொள்வாராம், பின் அறையைத் தருவாராம். இல்லாவிட்டால் செப்ரெம்பரில் என் இடத்துக்கு வேறு ஒரு சோடி வேலைக்கு வரும்.

தனிமை என்றுதான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தனிமையும்தான், ஆனால் அதைச் சமாளிக்கலாம். தோளைப் பற்றி எழுதினால், "அப்ப வீட்டுக்கு வாரும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவீர்கள். வந்து என்ன செய்வது? அடுத்த ஞாயிறு கதவு தட்டும்போது இரண்டு பேருமாக எழும்பி நிற்பதா?

இனி நான் வரச்சொல்லிக் கேட்கமாட்டேன். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

நேசம்


கொட்டாஞ்சேனை
09.07.1997

அன்பின் நேசத்துக்கு,

நீர் சொன்ன அந்த வரியைத்தான் முதலில் எழுதினேன். "அப்ப வீட்டுக்கு வாரும்." எழுதி, ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் கொண்டுபோனேன். போடவில்லை.

நான் ஏன் இழுத்தடித்தேன் என்று உமக்குச் சொல்லவேண்டும். கப்பல், லீவு, பதிவுக் கடிதம் எல்லாம் உண்மைதான். ஆனால் அது மட்டுமில்லை. தனிமை என்று நீர் எழுதும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது. துணைக்கு இருக்க எனக்குத் தெரியாது. இங்கே இருந்த காலத்திலும் நான் மேசையில் குனிந்துகொண்டுதானே இருந்தேன். பாஷை தெரியாத ஊரில், அடுத்தவர் வீட்டில், கதையும் இல்லாமல் வேலையும் இல்லாமல் உமக்குப் பின்னால் நின்று என்ன செய்வேன் என்று நினைத்தேன். அங்கே தேவைப்படுவது பெலன் என்று நீர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பாஸ்போர்ட்டுக்குப் போன செவ்வாய் கொடுத்துவிட்டேன். ஹாஷிம் நானா கூட வந்தார். இந்த மாத முடிவுக்குள் தருவார்கள் போலிருக்கிறது. வந்த அன்றைக்கே விசாவுக்குப் போடுவேன். டொக்கில் சொல்லிவிட்டேன். "சரி, போ" என்றார்கள். இத்தனை வருட வேலைக்கு அவ்வளவுதான்.

வண்டியைத் திருப்பித் தந்துவிட்டார்கள். ஒரு பக்கத்துச் சில்லுகள் இல்லை. ஒருநாள் பசையை எடுத்துக்கொண்டு இருந்து பார்த்தேன், கை போகவில்லை. நீர் சொன்னபடி எறியவும் மனம் வரவில்லை. அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு வாடகைக்கு வருகிறவர்கள் எறியட்டும். பெயின்ற் டின்களை நானா கடைக்குக் கொடுத்துவிட்டேன். தூரிகைகளை மட்டும் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன். கொண்டுவருவேனா என்று தெரியாது.

எனக்கு நிறையக் களைப்பு, நேசம். உமக்கும் அப்படித்தான் என்று இப்போது தெரிகிறது. வந்தால் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடிக்கலாம்.

சிஞ்ஞோரா எந்தப் பக்கம் திரும்பி எழும்புவா? எந்தக் கால் இன்னும் நிலத்தில் ஊன்றும்? இரண்டையும் எழுதி அனுப்பும். நான் வரும் மட்டும் தனியத் தூக்க வேண்டாம். தோளை மறைக்கவும் வேண்டாம். தூக்க அவவின் மகனைக் கூப்பிடும்.

கிளெமென்ற்