ஒதுங்கிப்போன பிளாக்

இன்று காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபோது, உன் கம்ப்யூட்டர் என் போனுக்கு ஒரு செய்தி அனுப்பியது. ஒரு பிளாக் ஒதுங்கிவிட்டது, சங்கிலி வேறு கிளைக்கு மாறிவிட்டது என்று இரண்டே வரி. நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. உன் மனைவி அந்தக் கம்ப்யூட்டரை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தபோது, "அணைக்காம வெச்சிருங்கண்ணா" என்று மட்டும் சொன்னார். அணைக்கவில்லை.

பகலில் உனக்குச் செராமிக் ஆலையில் சூளையின் மின்சார வேலை. வீட்டுக்கு வந்தால் இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் காவல். ஊரில் சிலர் இந்த இணைய நாணயத்தை வாங்கி விற்றார்கள். உனக்கு அதில் ஆசை இல்லை. அந்த நாணயத்தை யார் யாருக்கு அனுப்பினார்கள் என்ற கணக்கு, பிளாக் பிளாக்காக ஒரே சங்கிலியில் ஏறிக்கொண்டே போகும். உலகின் இரண்டு மூலைகளில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் அடுத்த பிளாக்கைச் செய்துவிட்டால், கொஞ்ச நேரம் சங்கிலிக்கு இரண்டு முனைகள் இருக்கும். எதன் மேல் அடுத்தது ஏறுகிறதோ அது நிற்கும், மற்றது அனாதையாகிவிடும். அந்த அனாதைகளைத்தான் நீ நீள நோட்டில் எழுதிவந்தாய்: எண், முதலில் கண்ணில் பட்ட நேரம், எத்தனை நிமிடம் இருந்தது. அனாதைப் பிணத்துக்கு ரிஜிஸ்டர் போடுகிறவன் என்று உன்னைக் கிண்டல் செய்தேன். "உங்க பேப்பர்ல கண்ணீர் அஞ்சலி போடுறீங்கள்ல, அப்படி வெச்சுக்க" என்றாய்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. ஆலையில் கை வெந்துபோன தொழிலாளி ஒருவருக்காக, வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் உதவி திரட்டி, மளிகைக் கடை காதர் பாய்க்கு இந்த நாணயமாக அனுப்பியிருந்தார்கள். அவர் அதைத் தொழிலாளியின் மகளுக்கு அனுப்பினார். வந்து சேர்ந்ததாகத் தெரிந்ததும் அவள் திரையைப் படம் பிடித்து, விபத்தைப் பற்றி எழுதியிருந்த எனக்கும் அனுப்பினாள். கால் மணி நேரத்தில் அழுதுகொண்டே கூப்பிட்டாள். "வந்துச்சுன்னு காட்டுச்சு சார். இப்ப இல்லீங்க."

நானும் பார்த்தேன். இல்லை. பாய் போனை எடுக்கவில்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் போயிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அனுப்பியதுபோல் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்று முடிவு கட்டினேன். இத்தனை வருட நிருபர் அனுபவம் அந்த முடிவுக்கு ஒத்தாசை செய்தது. எங்கள் பேப்பரில் ஆறு மணிக்குப் பக்கத்தை முடிப்பார்கள். பாயின் பெயரைப் போட்டே செய்தியை எழுதினேன். ஒரு தொழில்நுட்பச் சொல்லைச் சரிபார்க்க மட்டும் உன்னிடம் வந்தேன்.

நீ செய்தியைப் படித்தாய். சொல்லைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நோட்டைத் திருப்பிக் காட்டினாய். மூன்று நாற்பத்திரண்டுக்கு வந்த ஒரு பிளாக், பதினோரு நிமிடம் இருந்து ஒதுங்கியிருந்தது. அந்தப் பெண் எடுத்த படத்தில் இருந்த எண்ணும் அதுவேதான்.

"பாய் கைய வெக்கவே இல்ல. அவரு அனுப்புனது மறுபடி வரிசையில நிக்குது. கட்டணம் கம்மியா வெச்சிருக்காரு, அதான் லேட்டு."

எனக்கு நேரமாகிறது என்றேன்.

"சூளைய அணைச்சவொடனே கதவத் தொறந்தா என்னா ஆவும்? மொத்த சரக்கும் வெடிச்சிப்போவும். ஏறட்டும். அதுக்கு மேல இன்னும் ஆறு ஏறட்டும். ஒக்காரு."

உட்கார்ந்தேன். அடுத்து வந்த பிளாக்கிலேயே பாய் அனுப்பியது ஏறிவிட்டது. அப்போதும் நீ என்னை எழ விடவில்லை. அதன் மேல் ஆறாவது ஏறியபோது மணி ஐந்தே முக்கால். செய்தி இல்லை என்று அலுவலகத்துக்குச் சொன்னேன். அந்த இடத்தில் பெண்ணாடம் கரும்பு லாரிகளைப் பற்றி ஏதோ போட்டார்கள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "நான் சந்தேகப்பட்டத பாய்கிட்ட சொல்லிடாதீங்க சார்" என்றாள். அதையேதான் நானும் உன்னிடம் கேட்டிருந்தேன். "தலைப்பு நல்லாத்தான்யா வெச்சிருந்த" என்று சிரித்தாய்.

நீ யாரிடமும் சொல்லவில்லை. காதர் பாய்க்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. போன வாரம் தன் மகளின் நிக்காஹ் பத்திரிகையோடு என் வீட்டுக்கு வந்தார். குடும்பத்தோடு வரவேண்டும், முன்வரிசையில் உட்கார வேண்டும் என்றார். என்னால் அவர் முகத்தை நேராகப் பார்த்தே பத்திரிகையை வாங்க முடிந்தது.