உங்களுக்குக் கோட்டு மாட்டியவன் எழுதுவது

என்றைக்குமே குரல் உயர்த்திப் பேசாத என் அப்பாவுக்கு,

சௌக்கியமா என்று எழுதத்தான் கை போகிறது. அங்கே சாயங்கால டீயாவது நேரத்துக்குக் கிடைக்கிறதா? அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், முழங்கால் வலியைத் திட்டுகிறாள். தங்கச்சியின் பிள்ளை நடக்கப் பழகிவிட்டது. என் செல்போன் கடையும் ஏதோ ஓடுகிறது.

வருகிற வாரம் உங்களுக்கு வருஷ திவசம். அதற்குள் ஒரு விஷயத்தை நானே சொல்லிவிட வேண்டும். நம்மூரிலிருந்து அங்கே வந்து சேர்ந்தவர்கள் யாராவது இதற்குள் போட்டுக் கொடுத்திருப்பார்கள். இருந்தாலும் பெற்ற பிள்ளை வாயால் சொல்வதுதான் முறை.

அப்பா, நீங்கள் இறந்த அன்றைக்கு நான் உங்களுக்குக் கோட்டு மாட்டிவிட்டேன்.

நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆள் போன சேதி பரவுவதற்கு முன்னால் தெருமுனையில் பேனர் ஏறிவிட வேண்டும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உங்களைப் பிரீசர் பெட்டியில் வைத்த கையோடு சினேகிதர்கள் என்னை ஓரமாக இழுத்துப்போய், "போட்டோ குட்றா, பாலக்கரைல ஒண்ணு, பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு வெச்சிடலாம்" என்றார்கள். போனைத் திறந்தேன். ஆயிரக்கணக்கில் படம் இருந்தது. எல்லாவற்றிலும் நான் இருந்தேன். கண்ணாடி போட்டு, பைக்கில் சாய்ந்து, கேக் வெட்டி. நீங்கள் தனியாக நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை.

எப்படி இருக்கும்? மாசி மகத்துக்குத் தேர் பார்க்கப் போனால்கூட, என்னை ஒரு கையில், தங்கச்சியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அம்மா கூட்டத்தில் பின்தங்கிவிடாமல் திரும்பித் திரும்பிப் பார்ப்பீர்கள். தேரை எப்போது பார்த்தீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படம் எடுக்கிற நேரத்தில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் நிற்பீர்கள்.

கடைசியில் தங்கச்சி கல்யாணப் படம் ஒன்று அகப்பட்டது. மாமா தோளுக்குப் பின்னால் உங்கள் முகம் முக்கால்வாசி தெரிந்தது. பந்திக் கூடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். அதை ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பினேன். "கவலைய வுடுண்ணே, கழுத்துக்குக் கீழ கோட்டு போட்டுக்கலாம். அப்பாவுக்கு என்னா வேலை?" என்று கேட்டான் கடைக்காரன்.

இங்கேதான் அப்பா, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருக்கிறது. பீங்கான் கம்பெனியில் கணக்கு எழுதினார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுற்றிலும் என் சினேகிதர்கள் நின்றார்கள். "சிராமிக் கம்பெனி" என்று மட்டும் சொன்னேன். அவனாக "சிராமிக் அதிபர்" என்று அடித்து அனுப்பினான். நான் பார்த்தேன். பிடித்திருந்தது. உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கட்டைவிரல் படம் போட்டுச் சரி சொன்னேன்.

பகல் பன்னிரண்டுக்குள் பேனர் ஏறிவிட்டது. நீலக் கோட்டு, சிவப்பு டை, நரை ஒன்றுகூட இல்லாத தலை, உதட்டில் லேசாகச் சாயம். பின்னால் மேகம், இரண்டு புறா. மேலே "சிங்கமே சாய்ந்ததே" என்று கொட்டை எழுத்து. எதிர்வீட்டு நாய் குரைத்தால் சுற்றிக்கொண்டு போகிற மனுஷன் நீங்கள். கீழே வருந்துவோர் வரிசையில் முதல் படம் என்னுடையது. உங்கள் தலையைவிட என் கூலிங் கிளாஸ் பெரிசாக இருந்தது.

சாயங்காலம் எடுத்துவிட்டோம். கூட்டம் நல்ல கூட்டம், பாதிப் பேர் என் ஆட்கள். கம்பெனி முதலாளி மாலையோடு வந்துபோனார். ஷெட்டில் வேலை செய்கிற பெண்கள் ஒருத்தர்கூட வரவில்லையே என்று அம்மா கேட்டாள். லீவு நாள், சேதி தெரிந்திருக்காது என்று சமாதானம் சொன்னேன்.

மறுநாள் காலையில் அஞ்சலை அக்காவும் இன்னும் மூன்று பேரும் ஓடிவந்தார்கள். அந்த அக்காவை அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து, ஷெட்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைத் தேய்த்து அடுக்குகிறவர். வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"நேத்து மத்தியானமே பஸ்ஸுல இருந்து பேனர பாத்தோம் தம்பி. கோட்டு, டையின்னு இருந்துது. யாரோ பெரிய மொதலாளி போயிட்டாருன்னு பேசிகிட்டே மார்க்கெட்டுக்குப் போயிட்டோம். நம்ம கணக்கு சாருன்னு தெரியலையே சாமி! ஒரு தடவ மொகத்த பாத்துருப்பமே!"

பேரைப் படிக்கவில்லையா என்று கேட்டேன். "கணக்கு சாருன்னுதான எங்களுக்குத் தெரியும்? பேரச் சொல்லி யாரு கூப்புட்டா?" என்றார்.

அப்புறம்தான் உங்களைப் பற்றிச் சொன்னார். ஷெட்டுக்குள் செல்போன் கூடாது என்பதால் எல்லார் போனும் உங்கள் மேஜையில்தான் இருக்குமாமே. மணி அடித்தால் அந்த போனை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி வந்து, ஷெட்டு வாசலில் நிற்பீர்களாமே. பேர் சொல்லிக் கத்த மாட்டீர்களாம். உரியவர் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பீர்களாம்.

"எம் பொண்ணுக்கு வலி எடுத்துருச்சின்னு போன் வந்தப்ப நல்ல மழைங்க. நனைஞ்சிகிட்டே வந்து நின்னாரு. பதறாதம்மா, பஸ்ஸுக்கு நேரம் இருக்குது, நெதானமா கெளம்புன்னாரு. எங்க அப்பன்கூட எங்கிட்ட அப்படி பேசினது இல்ல."

இந்தப் பழக்கம் எங்களுக்குப் புதிசா என்ன? வீட்டுக்கும் அப்படித்தானே வருவீர்கள். குழாயடியில் செருப்பில் ஒட்டிய வெள்ளை மண்ணைக் கழுவிவிட்டு, சமையல்கட்டு வாசலில் வந்து நிற்பீர்கள். அம்மா எதற்கோ திரும்புவாள், திடுக்கிடுவாள். "எப்ப வந்தீங்க? ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?" தினமும் இதே கேள்வி. நீங்கள் சிரித்துக்கொண்டு வெங்காயத்தை எடுத்து நறுக்க உட்காருவீர்கள். அம்மாவுக்கு வெங்காயம் கண்ணில் எரியும் என்பதால் அந்த வேலை கல்யாணமான நாளிலிருந்து உங்களுடையது. இப்போது அவளேதான் நறுக்குகிறாள்.

அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்களிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஃபிளெக்ஸ் கடைக்காரன் பண்ண தப்புக்கா" என்றேன்.

கருமாதிக்கு அதே படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தேன். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "யார்றா இந்த ஆளு? இவன் முன்னாடி நான் எப்பிடிடா வெளக்கேத்துவேன்? அந்நிய ஆம்பளைய வூட்டுல மாட்டிட்டு நான் எப்பிடி சேல மாத்தறது?" எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. அன்றைக்குச் சுவர் பக்கம் திரும்பிய கோட்டு ஆசாமி இந்த ஒரு வருஷமும் பீரோ மேலேயே கிடக்கிறார். அம்மாவுக்குப் பூப்போட ஒரு முகம் இல்லை. ஆறு மணியானால் அவள் கண் சமையல்கட்டு வாசலுக்குப் போய்விடுகிறது.

எனக்கோ கம்பெனி இருக்கிற பக்கம் தலைகாட்ட முடியவில்லை. ஸ்டேஷனுக்குப் போவதென்றால்கூட ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன். அந்தப் பெண்கள் யாராவது எதிரில் வந்துவிட்டால்? இத்தனைக்கும் அவர்கள் என்மேல் கோபப்படவே இல்லை. அதுதான் தாங்கவில்லை அப்பா.

போன வாரம் அம்மா, "தெவசத்துக்கும் படம் இல்லாமத்தான் படைக்கணுமா?" என்று கேட்டாள். அதற்கு மேல் பொறுக்கவில்லை. கம்பெனிக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். அஞ்சலை அக்கா வேப்பமரத்தடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கோட்டு போடச் சொன்னவன் நான்தான், கணக்கு எழுதினவர் என்று சொல்ல வெட்கப்பட்டவனும் நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஒரு கிழவர் பீடியை அணைத்துவிட்டு, "அதிபர்னு போட்டதுக்கு அவரே கூச்சப்பட்டிருப்பாரு" என்றார்.

அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தன் போனை வாங்கிவந்து தேடினார். "ஆயுத பூஜையன்னிக்கு மிஷினுக்குப் பூ சுத்தி படம் புடிச்சிகிட்டு இருந்தேன். பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி இருந்துது. திரும்பி அப்படியே ஒண்ணு புடிச்சிட்டேன். சுண்டல் ரெடின்னு சொல்ல வந்து நின்னாரு" என்றார்.

நீங்கள்தான். ஷெட்டு வாசல் நிலையில் தோள் படாமல் நிற்கிறீர்கள். பையில் இரண்டு பேனா, தலை முழுக்க நரை, காலில் வெள்ளை மண். நாங்கள் திரும்பிப் பார்த்துவிட்டோம் என்று தெரிந்ததும் ஒரு சிரிப்பு வருமே, அது பாதி வந்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஸ்டுடியோவில், "முடிய கொஞ்சம் கருப்பாக்கிடட்டுமா?" என்றார்கள். கை வைத்தால் நடப்பது வேறு என்றேன். அப்படியே பெரிசாக்கிச் சட்டம் போட்டு நேற்று கொண்டுவந்தேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் நின்றேன். இத்தனை வயதில் முதல் முறையாக நான் ஒன்றும் பேசவில்லை.

எதற்கோ திரும்பினாள். என்னை அவள் பார்க்கவே இல்லை.

"எப்ப வந்தீங்க?" என்றாள்.

அப்பா, வருஷ திவசத்துக்குப் பேனர் கிடையாது. அஞ்சலை அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் நானே நேரில் போய்ச் சொல்லப்போகிறேன். அவரவர் வாசலில் நிற்பேன், அவர்களாகத் திரும்பிப் பார்க்கும்வரை குரல் கொடுக்க மாட்டேன். அம்மா வெங்காயத்தைத் தொட மாட்டாள், இனி அது என் வேலை. உன் அப்பா யார் என்று எவன் கேட்டாலும், எத்தனை பேர் நடுவில் கேட்டாலும், கீழே கையெழுத்தில் போட்டிருப்பதைத்தான் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
விருத்தாசலம் பீங்கான் கம்பெனி கணக்கு சாரின் மகன்