பகலில் வீட்டில் இருப்பவர்கள்

கரமனை,
ஞாயிற்றுக்கிழமை

சாய் அப்பாவுக்கு ஜானவியின் நமஸ்காரம்.

இங்கே நானும் சாயும் சௌக்கியம். புனேயில் மழை தொடங்கியதா? பதவி உயர்வோடு இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் பழைய பதவியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், என்ன சொல்லட்டும் என்று கேட்டிருந்தீர்கள். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உங்களுக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு மானேஜரிடம் பேசுங்கள்.

முதலில் நம் தெரு வெப்சைட் சமாசாரம். அசோசியேஷனில் என்னைச் செயலாளராக்கிய கையோடு அதைப் புதிதாக மாற்றச் சொன்னார்கள். பழையது நீங்கள் செய்தது என்று கோபித்துக்கொள்ளக் கூடாது. வீடு வீடாக ஃபாரம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டேன். எல்லோரும் 'மிக நன்று' என்று எழுதித் தந்தார்கள். சேஷன் ஸார் செய்ததை அவர் பெண்டாட்டியிடமே குறை சொல்ல இந்தத் தெருவில் யாருக்கு மனசு வரும்? ஃபாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, காபி குடிக்கிற சாக்கில் ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்தேன். வெப்சைட் பேச்சையே எடுக்காமல், கடைசியாக ஓர் அவசரம் வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அப்புறம்தான் வாய் திறந்தார்கள்.

கோடி வீட்டு சரஸ்வதியம்மாள், "அதைத் திறந்தா ஸ்லோகம் பாடறது, ஜானு. எங்கே நிறுத்தறதுன்னு தெரியாம போனைத் தலைகாணிக்கு அடியில வெச்சுட்டேன்" என்றாள். தலைவர் வெங்கடேஸ்வரன் மாமா மட்டும் தினமும் பார்க்கிறாராம். முதல் பக்கத்தில் அவர் பொன்னாடையோடு நிற்கிற படம் இருக்கிறதே! பலரும் கேட்டது கோவில் நடை விஷயம். தெருவில் ஒருவர் தவறிப்போனால் எடுக்கிற வரை நடை சாத்தியிருக்கும். தெரியாமல் குளித்து, மடி உடுத்திப் போய்த் திரும்பி வருகிறார்கள். அமங்கலம் என்று அந்தச் செய்தியைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்தவர் நீங்கள். இப்போது அது முதலில் வருகிறது. ஸ்லோகத்தை எடுத்தாயிற்று.

அடுத்தது இசக்கிசெல்வி. பின்வரிசை மாடியில் வாடகைக்கு இருக்கிறாள், புருஷனுக்குப் பழவங்காடியில் ஹோட்டல் வேலை. போன மாதம் பட்டப்பகலில் அவள் குழந்தைக்கு ஜுரத்தில் வலிப்பு வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு கதவு கதவாகத் தட்டியிருக்கிறாள். "பாதி வீடு பூட்டிக் கெடக்கு. மீதி வீட்டுல எந்திரிச்சு நடக்கவே முடியாதவங்க. யாரு இருக்காவன்னு தெரிஞ்சிருந்தா நேரா அங்கன ஓடியிருப்பேம்லா, அக்கா" என்று சொல்லி அழுதாள். கடைசியில் என் கதவைத் தட்டினாள். நான் ஓடி வந்து என்ன பிரயோஜனம்? வாசலில் நம் கார் உறை போட்டு நிற்கிறது, ஓட்ட ஆளில்லை. வழியே போன ஆட்டோக்காரர் நிறுத்தியதால் குழந்தை பிழைத்தது. நீ ஓட்டக் கற்றுக்கொள்ளேன் என்பீர்கள். கிளாஸில் சேர்ந்துவிட்டேன், அது வேறு விஷயம்.

அதனால் புதிதாக ஒரு பக்கம் போட்டிருக்கிறேன். பகலில் எந்த வீட்டில் யார் இருப்பார்கள், யார் வண்டி ஓட்டுவார்கள் என்று தமிழிலும் மலையாளத்திலும் இருக்கும். வாடகைக்கு இருப்பவர்களும் உண்டு. "திருடனுக்கு நாமே வழி காமிச்சுக் கொடுக்கறதாக்கும்!" என்று மாமா குதித்தார். தெருக்காரர்களுக்கு மட்டும் திறக்கிற மாதிரி கடவுச்சொல் வைத்து அவர் வாயை அடைத்தேன்.

இனி உங்கள் கேள்வி. ஜூலையில் சாய் கோழிக்கோட்டுக் காலேஜுக்குப் போய்விடுவான். அதன் பிறகு இவ்வளவு நீள வீட்டில் நான் மட்டும். பயம் ஒன்றும் இல்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பதவி உயர்வு போய்விடுமே என்று யோசிக்கிறீர்கள். பழைய பதவியில் இருந்தவரைத்தானே நான் கல்யாணம் செய்துகொண்டேன்?

வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வெப்சைட்டைத் திறக்கிறோம். நம் வீட்டு வரியில், 'சேஷன், ஜூலை முதல் பகலில் வீட்டில் இருப்பார், கார் ஓட்டுவார்' என்று போட்டுவிட்டேன். இசக்கிசெல்விக்கு முன்கூட்டியே காட்டினேன். உடனே உங்கள் நம்பரைப் போனில் சேர்த்துக்கொண்டாள். அவளிடம் போய் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

க்ஷேமமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
ஜானவி