சாந்தாவின் இன்னொரு அலமாரி

9 செப்டம்பர், செவ்வாய்

காலையில் வெயில், மூன்று மணிக்கு மழை. குடை ஆபீஸில்.

எஸ்.கே. மகன் கல்யாணம், ஞாயிறு. எஸ்.கே. ஆபீஸில் எனக்கு ஏழு வருஷம் ஜூனியர், என் தலைக்கு மேல் பிரமோஷன் வாங்கிக்கொண்டு போனவன். பத்திரிகையை ரெண்டு கையாலும் நீட்டி, "சார் தீர்ச்சயாயிட்டு வரணும்" என்றான், கட்டாயம் வர வேண்டுமாம். அந்தப் பணிவுதான் தாங்கவில்லை. போகக் கூடாது. போகாவிட்டால் பொறாமை என்பார்கள். ஆகவே போக வேண்டும். ஆகவே ஒரு சட்டை.

சாலைக் கடைத்தெரு. ஓணம் முடிந்து மிச்சச் சரக்கைப் பாதி விலைக்குக் கொட்டியிருக்கிறார்கள். ஆரியசாலைப் பக்கம் ஒரு திருநெல்வேலிக்காரர் கடை, தெரு வரை குவியல். ஒரு சாம்பல் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆள் வாங்க மாட்டான் என்று அண்ணாச்சிக்குத் தோன்றியிருக்கும். போனை நீட்டினார்.

"சந்தேகமே வேண்டாம் சார். இந்த மாமி போடுறது பூராவும் நம்ம கடைச் சரக்கு. இவங்க போட்டுக் காட்டுனா மறுநாளு அந்த டிசைன் தீந்துரும், பாத்துக்கிடுங்க."

போனில் சாந்தா.

என் மனைவி. நீலச் சுடிதாரில். கண்ணில் மை. இருபத்தாறு வருஷத்தில் புடவை தவிர வேறெதிலும் அவளைக் கண்டதில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நூத்தி எண்பது ரூபா! நம்பறேளா?" என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பையும் கண்டதில்லை.

"தங்கமான மாமி சார். வெலை பேசும்போது மட்டும் பிசாசு."

சட்டை வாங்கவில்லை. பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நடந்திருக்கிறேன். வீட்டுப் பக்கம், ஸ்ரீவராகம் வந்த பிறகுதான் நனைந்தது தெரிந்தது.

வீட்டில் சாந்தா. பழைய காப்பிக்கொட்டை நிறப் புடவை. "தெப்பமா நனைஞ்சிருக்கேளே, குடை எங்கே?" ஆபீஸில் என்றேன்.

10 செப்டம்பர், புதன்

விடாத மழை. தலைபாரம். லீவு போடவில்லை, எஸ்.கே. மேல் பொறாமை என்ற கணக்கில் அதுவும் சேரும்.

அவள் குளிக்கப் போனபோது அலமாரியைத் திறந்தேன். வெட்கம்கெட்ட வேலை. உள்ளே: காட்டன் புடவை ஒன்பது, பட்டு மூன்று, பாச்சா உருண்டை, என் பழைய வேட்டிகள். சுடிதார் ஒன்றுகூட இல்லை.

மதியம் ரிக்கார்ட் ரூமில், காதில் ஒயர் மாட்டிக்கொண்டு, அண்ணாச்சி போனில் கண்ட சேனலைத் தேடி நாற்பது குட்டி வீடியோ பார்த்தேன். ரெண்டு வருஷமாக நடக்கிறது! பின்னால் தெரிகிற மஞ்சள் கதவு மேல்மாடி விமலா டீச்சர் வீட்டுடையது. துணியெல்லாம் அங்கேதான். படம் பிடிப்பதும் டீச்சர்தான். "ஒன்னு திரிஞ்ஞே சாந்தே, பின்பக்கம் காணட்டே" என்று திரும்பச் சொல்லும் குரல். தினமும் மாடிப்படியில் என்னிடம் "சுகமாணோ சாரே?" என்று கேட்கிற மனுஷி.

ஒவ்வொன்றின் கடைசியிலும் "இன்னிக்கு சந்தோஷம்" என்று விரல்விட்டு எண்ணுகிறாள். சிலதை எழுதி வைத்தேன்:

– கிழக்கேகோட்டை பஸ்ல ஜன்னல் சீட்
– மழைக்கு முன்னாடி துணியெல்லாம் எடுத்துட்டேன்
– டீக்கடைல சூடாப் பழம்பொரி, தனியா நின்னுண்டு தின்னேன்
– இந்தச் சுடிதாருக்குப் பாக்கெட் இருக்கு!

நான் எதிலும் இல்லை. நாற்பதிலும் தேடினேன்.

கிளார்க் பிந்து ஃபைல் எடுக்க வந்தாள். "எந்தா சாரே, சுகமில்லே?" தூசி என்றேன்.

முதன்முதலில் போட்டது ஒன்று பாக்கி. அதற்குள் லஞ்ச் நேரம் முடிந்தது.

12 செப்டம்பர், வெள்ளி

மூட்டம். கேஸ் சிலிண்டர் வந்தது. சில்லறை தரவில்லை, வழக்கம்போல்.

ரெண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை. இன்று கேட்டுவிட வேண்டும்: ஊரெல்லாம் பார்க்கிறது, கட்டினவனிடம் மட்டும் என்ன மறைப்பு? கேட்பதற்கு முன் அந்தப் பாக்கி ஒன்றைப் பார்த்தேன்.

சிவப்புக் குர்தா. குரல் நடுங்குகிறது. "ஒரு தடவை செவப்புல புடவை எடுத்துண்டு வந்தேன். இந்த வயசுல யாருக்குக் காட்டறதுக்குன்னு ஆத்துல கேட்டா. கடைல திருப்பிக் குடுத்துட்டேன். இன்னிக்கு இதை எனக்காகப் போட்டுண்டிருக்கேன். படம் எடுத்தது டீச்சரோட நிர்பந்தம்."

ஆத்துல கேட்டா. கேட்டவன் நான். பிரமோஷன் பட்டியல் வந்த அன்று. என் பெயர் இல்லாத பட்டியலைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், இவள் கண்ணாடி முன் சிவப்புப் புடவையோடு. அந்தப் பட்டியலை இன்றும் வரிசை மாறாமல் சொல்வேன். புடவையைச் சுத்தமாக மறந்திருக்கிறேன். நான்! யார் எப்போது என்னை என்ன சொன்னார்கள் என்று வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருப்பவன்.

கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாள், புடவையைத் திருப்பிக் கொடுத்த மாதிரியே. அதற்கப்புறம் அந்தச் சிரிப்பு எங்கேயும் இருக்காது.

சாப்பிடும்போது சொன்னேன். "நாளைக்கு ரெண்டாம் சனி, ஆபீஸ் கிடையாது. சாலைக் கடைத்தெருவுல சட்டை எடுக்கணும். கூட வரயா?"

மோர் விட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. தட்டு வழிந்தது.

"நானா?"

13 செப்டம்பர், சனி

நல்ல வெயில். பத்து மணிக்குக் கிளம்பினோம்.

கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைகளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அங்கெல்லாம் ஏசிக்குக் காசு." நேராக அண்ணாச்சி கடை. அண்ணாச்சி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டார். அன்று காட்டியதைப் பற்றி மூச்சுவிடவில்லை. வியாபாரி.

"என்ன அண்ணாச்சி, சட்டை ஒண்ணு போன வாரம் எரநூத்தம்பது சொன்னேள், இப்போ முந்நூறா?"

"அது ஓணத்துக்கு முந்தி மாமி."

"ஓணம் போனா வெலையும் போகணுமோல்லியோ? உங்க கடைல மட்டும் ஏறறதே!"

எரநூறுக்கு முடித்தாள். என் கையிலிருந்த சாம்பல் சட்டையைப் பிடுங்கிக் குவியலில் போட்டாள். "போறும், ஆத்துல எட்டு இருக்கு." மாந்தளிர் நிறத்தில் ஒன்று எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு பேண்ட். இங்கே போட்டுப் பார்க்க இடம் கிடையாது. இடுப்புப் பட்டையைக் கழுத்தைச் சுற்றிப் பிடிப்பார்கள். பிடரியில் ரெண்டு முனையும் தொட்டால் இடுப்புக்குச் சரி.

"கொஞ்சம் குனியுங்கோ."

நடுச்சாலையில், ஜனங்களுக்கு நடுவே, என் கழுத்தைச் சுற்றி அவள் ரெண்டு கையும். அவள் கண் குவியலில் ஒரு பச்சைக் குர்தாவின் மேல் போய் நின்றது. என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது.

"பச்சை வேண்டாம். யானைக் கரை வச்சது ஒண்ணு உங்கிட்ட இருக்கே."

அந்தப் பச்சை மேல்மாடியில் இருக்கிறது. வீடியோவில் தவிர நான் கண்டிருக்க வழியே இல்லை.

அவள் கை அப்படியே நின்றது.

"எத்தனை பாத்தேள்?"

"எல்லாம்."

"லைக் போட்டேளா?"

"இல்லை."

"அதானே."

முகத்தில் என்ன என்று படிக்கத் தெரியவில்லை. பட்டையை இழுத்துப் பிடரிக்குக் கொண்டுபோனாள். முனைகள் தொட ரெண்டு விரல் குறைந்தது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இதுலயே ஒரு சைஸ் பெரிசு எடுங்கோ. இவர் தடிச்சுட்டார். நான் கவனிக்கலை."