நான் ஆழமாக்கிய கிணறு

அயலவர்களே! நம் கிணறுகள் உவர்த்துப்போயின. அவற்றைக் கெடுத்தவர் வெளியூரார் அல்லர், நான்.

என் மனைவியே, உன் ஓராண்டு நினைவுத் திருப்பலி முடிந்ததும், நம் முற்றத்தில் கூடும் பள்ளிமுனை ஊரார் முன் இதைப் படிக்கப் போகிறேன். ஆயினும் மடல் உனக்குத்தான். அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

இன்று விடியலில் உன் தேசி எலுமிச்சை மரத்தின் இலையொன்றைக் கசக்கி முகர்ந்தேன். மணம் அப்படியே இருந்தது. இலையின் ஓரமோ தீயில் வாட்டியதுபோல் கருகியிருந்தது. மாதுளை முன்பே பட்டுப்போயிற்று. பயற்றங்கொடி பந்தலிலேயே காய்ந்தது. உன் தோட்டத்தில் எஞ்சியது இந்த ஒரு மரம்.

நாள்தோறும் முதல் வாளி நீரை உள்ளங்கையில் ஊற்றிச் சுவைத்த பின்னரே நீ செடிகளுக்கு ஊற்றுவாய். "குழம்புக்கு உப்புப் பார்ப்பதுபோல் கிணற்றுக்கும் பார்க்கிறாயே!" என்று நகைப்பேன். மீன் கழுவிய நீரை மாதுளைத் தூரில் ஊற்றியபடி, "ஓம், உங்களுக்கு மேடை, எனக்கு மண். கத்தரிக்குக் கைதட்டத் தெரியாது" என்பாய். பழைய வலையால் நீ கட்டிய வேலிக்கு வெளியே, கழுதைகள் உன் வெண்டியையே பார்த்து நிற்கும்.

நீ இருந்த கடைசிக் கோடையில் கிணற்று நீர் கீழிறங்கியது. கோயில் முன்றலில் நான் முழங்கினேன்: "தோண்டுங்கள்! இன்னும் ஆழமாகத் தோண்டுங்கள்! நீருக்காக எவரிடமும் கையேந்தாதீர்கள்!" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முதலில் நம் கிணற்றையே ஆழமாக்கவும், நீரிறைக்கும் பொறியைப் பொருத்தவும் ஆளழைத்து வந்தேன். உனக்கு அது பரிசென்றே எண்ணினேன். நீ வாளிக்கயிற்றைக் கையில் சுற்றியபடி கிணற்றடியில் நின்றாய்.

"இஞ்சருங்கோ, நல்ல தண்ணி மேலதான் கிடக்கு. கீழ கடல். கிண்டாதேங்கோ."

"ஊருக்கு முன் சொல்லிவிட்டேனே" என்றேன். சொன்ன சொல்லை மீளப் பெறக் கூசினேன்.

சில கிழமைகள் நீர் பொங்கி வந்தது. அதைக் கண்டு அயலெல்லாம் தோண்டியது. வீட்டு வளவுக்கு வளவு பொறி ஓடியது. பிறகொரு காலை, உள்ளங்கை நீரைச் சுவைத்த நீ துப்பினாய். வாளியை என்னிடம் நீட்டினாய். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுமொழி உரைத்திருப்பேன். அது எனக்குக் கைவந்தது. அந்த வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மருத்துவமனைக் கட்டிலில், மூச்சு வாங்க வாங்க, நீ கேட்டதும் மரத்தைப் பற்றித்தான்.

"தேசிக்கு ஆர் தண்ணி ஊத்துறது?"

"நான் ஊற்றுகிறேன்."

"கிணத்துத் தண்ணி ஊத்தாதேங்கோ."

ஊற்றவில்லை. வண்டியில் வரும் குடிநீரில் என் பங்கில் பாதி அதற்குத்தான். வேரோ கீழே சென்று உவரைத்தான் தொடுகிறது. பொறியைக் கழற்றினேன். கல்லும் மணலும் இட்டு நம் கிணற்றைப் பழைய ஆழத்துக்கே நிரப்பினேன். பயனில்லை. சுற்றிலும் பொறிகள் உறிஞ்சும்வரை கடல் மேலேறிக்கொண்டே இருக்கும்.

அடுத்த வளவு மரியதாசிடம் போய்க் கெஞ்சினேன். "அண்ணை, கிண்டச் சொன்னதும் நீங்கள், இப்ப நிப்பாட்டச் சொல்லுறதும் நீங்கள். அடுத்த மாசம் என்ன சொல்லுவியள்? மோட்டர் இல்லாட்டி என்ர கத்தரிக்கு ஆர் தண்ணி அள்ளுறது?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஓர் ஊரையே தோண்ட வைத்த குரலால் ஒரு பொறியை நிறுத்த முடியவில்லை. கடலிடம் எந்த மேடையில் நின்று பேசுவேன்?

இப்போது நாள்தோறும் நானே முதல் வாளியை உள்ளங்கையில் ஊற்றிச் சுவைக்கிறேன். இன்றும் உவர்த்தது. நீ துப்பியதை நான் விழுங்குகிறேன்.

அயலவர்களே, இதற்குக் கைதட்டாதீர்கள். என்னை நம்பித் தோண்டினீர்கள். இவளை நம்பி நிறுத்துங்கள். இந்த நினைவு விருந்தில் இலையில் சோறு விழுமுன் எழுந்து போய்ப் பொறிகளை நிறுத்துங்கள். கிணறுகளைப் பழைய ஆழத்துக்கு நிரப்ப மணல் வாயிலில் குவிந்திருக்கிறது. மரியதாசு, உன் கத்தரிக்கு நான் வாளியால் அள்ளி ஊற்றுகிறேன். முதலில் நீ எழு.