மாவுக்கட்டில் பதிந்த விரல்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக என் இடது காலுக்கு நானே மாவுக்கட்டுப் போட்டுப் பழகினேன். பதறாதீர்கள், எலும்பெல்லாம் பத்திரம். உங்கள் முட்டி வலி தேவலையா?

நேற்று ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் பயிற்சியில், எலும்பு முறிந்து வந்த ஒரு சிறுமியின் கைக்கு நான் போட்ட கட்டில் என் விரல்நுனிகள் குழியாகப் பதிந்துவிட்டன. அது உள்ளே அழுத்திப் புண்ணாக்கும். “மாவா பிசையிறீங்க? உள்ளங்கையால தடவுங்கம்மா!” என்று டாக்டர் அதை வெட்டி எடுக்கச் சொன்னார்.

“மறுபடி போடுங்க ஆன்ட்டி, எனக்கு ஸ்கூல் லீவுதானே” என்றாள் அவள். போட்டேன், வழவழவென்று வந்தது.

அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்று அனுப்புங்கள். இங்கே போர்வை குத்துகிறது.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இந்தப் பயிற்சியின் தேர்வில் இந்த முறையும் தவறினால் வீட்டுக்கு வந்துவிடு என்றீர்கள். இன்னும் யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்: தவறினாலும் வர மாட்டேன் அப்பா, மறுபடி எழுதுவேன்.

உங்கள் மகள்